லைனை நிறுத்தும் கயிறு

படப்பை
12.11.2002

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுவது. நானும் நம் பாப்பா முப்பிடாதியும் சுகம். கொரியாவில் குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களா?

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ‘டிஸ்கஸ்’ என்று எழுதினால் பின்னாலேயே ‘அபவுட்’ வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது? ‘இன் த லைன்’ இல்லை, ‘ஆன் த லைன்’. அப்புறம், உங்களைப் பற்றிய பத்தியில் ‘மேரீட் வித் பாண்டிச்செல்வி’ என்று இருந்தது. ‘டு’ போட்டிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்ட விஷயத்திலாவது பிழை இல்லாமல் இருக்கட்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. விடியும்போது ஒரகடம் வழியாகப் போகிற கம்பெனி பஸ்களில் விளக்குகள் மட்டும் மிதந்து வருகின்றன, சக்கரமே தெரிவதில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் இறங்குவீர்கள் என்று நிற்கிறேன். பஸ் கடந்த பிறகுதான் நடுவில் கடல் இருப்பது நினைவுக்கு வருகிறது. நேற்று வீட்டுக்காரக் கனகம் அக்கா, “இன்னாமா, பஸ்ஸையே மொறைச்சிகினு நிக்கிறே? உள்ள புள்ள அழுவுது பாரு” என்று சத்தம் போட்டாள்.

பாப்பா அயர்ந்து தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள்
செல்வி


பூசான்
27.11.2002

அன்புச் செல்விக்கு,

சிரிக்கவில்லை. நானும் தூக்கத்தில் அவள் மூச்சைத் தேடுகிறேன்.

‘ஆன் த லைன்’ இருக்கட்டும், ஆனால் எங்கள் சூப்பர்வைசரே ‘இன்’ என்றுதான் சொல்கிறார். நாலு நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறோம், கார் ஓடத்தானே செய்கிறது? ‘டு’வை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைப் படித்தால் இன்னும் எங்கேயோ போய்க்கொண்டே இருப்பதுபோல இருக்கிறது. ‘வித்’தான் கூட இருப்பது. நீ பி.ஏ. இங்கிலீஷ், நான் வெறும் டிப்ளமோ. ஆனாலும் தாலி கட்டினவன் நானல்லவா?

இங்கே கார் பூட்டும் லைனில் எங்கள் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுகிறது. கையிலிருக்கும் வேலையில் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். மொத்த லைனும் நின்றுவிடும். யாரும் திட்டமாட்டார்கள், ஓடிவந்து என்னவென்று பார்ப்பார்கள். நம் ஊர்ப் பையன்களுக்குத்தான் கை எழவில்லை. நானும் இதுவரை தொட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை இன்னும் இரண்டு வருடம் லைன் லீடராக இருக்கச் சொல்கிறார்கள். இரண்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். ஒன்று, இருக்கிறேன் என்று. மற்றது, பிப்ரவரியில் ஊருக்கு அனுப்புங்கள் என்று. உனக்கு எது சரியோ அதை மட்டும் திருத்தி அனுப்பு. எது வருகிறதோ அதை ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
நம்பிராஜன்


படப்பை
9.12.2002

அத்தானுக்கு,

முடிவை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களா?

கனகம் அக்காவிடம் சொன்னேன். “ரெண்டு வர்சம்தானேமா? கண்ண மூடித் தொறந்தா பூடும்” என்கிறாள். கண்ணை மூடினால்தானே எனக்குப் பயம். கனவில் கம்பெனி பஸ் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. ஜன்னல் முழுக்கத் தண்ணீர். நீங்கள் உள்ளிருந்து ஏதோ சொல்கிறீர்கள், வாய் அசைகிறது, எனக்குக் கேட்கவில்லை. இடுப்பில் இருக்கும் பாப்பா யாரோ என்று உங்களைப் பார்க்கிறாள்.

‘இருக்கிறேன்’ விண்ணப்பத்தைத்தான் முதலில் எடுத்தேன். உங்கள் முன்னேற்றத்துக்கு நான் குறுக்கே நிற்கக்கூடாது இல்லையா? ஒரு பிழை விடாமல் திருத்தினேன். முடித்துப் படித்தால், யாரோ கோட்டு போட்ட மனிதர் எழுதியதுபோல இருந்தது. அவரை எனக்குத் தெரியாது.

மற்றதை விரித்தேன். ‘அட் பிப்ரவரி’யாம். கீழே பிடிவாதமாக மறுபடியும் அதே ‘வித்’. பேனாவைத் திறந்தேன், அத்தான். பாப்பா என் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இதுதான் முதல் தடவை. தள்ளாடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் அதில் கைவைக்கவில்லை. படிக்கப் படிக்க நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருந்தது.

அதைத்தான் அனுப்புகிறேன், அப்படியே. ஆபீஸில் சிரித்தால் சிரிக்கட்டும். திருத்தியது இங்கேயே இருக்கிறது, அனுப்பமாட்டேன்.

யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், திட்டமாட்டார்கள் என்று எழுதினீர்களே. இழுத்துவிட்டேன். ஓடிவந்து என்னவென்று பாருங்கள்.

உங்கள் கூடவே,
பாண்டிச்செல்வி