யாதகிரி கேட்டது

நவம்பர் 13, வியாழன்

காலையில் நல்ல குளிர். ஸ்வெட்டரை எடுத்தால் அந்துருண்டை வாசம். அதையே போட்டுக்கொண்டு விமான நிலையம்.

நான்கு நாளைக்கு நான் ஆலையின் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஜப்பானியப் படவிழாவின் மொழிபெயர்ப்பாளர். விழாவை நடத்துவது ஒரு கலாச்சார சங்கம், செலவு எங்கள் கம்பெனியுடையது. பேனர், நாற்காலி, தண்ணீர் பாட்டிலோடு என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். எச்.ஆர். ஸ்ரீதர் போட்ட மெயில்: பியூலா மேடத்தை மகிழ்ச்சியுடன் அனுப்புகிறோம். மகிழ்ச்சி யாருக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்ய வேண்டியவை:
– நீலப் புடவை இஸ்திரி
– ரூத், பல் டாக்டர்
– போவன்பள்ளி மார்க்கெட், வெங்காயம் (சாம் போவாரா?)
– டைரக்டரின் படம், மீதிப் பாதி

கடைசியானது நடக்காது. போன வாரமே லிங்க் வந்தது. நாற்பது நிமிடம் பார்த்து நிறுத்திவிட்டேன்.

டைரக்டர் பெயர் சனாயே. ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரே ஒரு பை. என் பெயர் அவர் வாயில் ‘பியூரா’ என்றுதான் வருகிறது. பதினாறு வருடமாக எல்லா ஜப்பானியர் வாயிலும் அப்படித்தான். காரில் ஏறியதும் எங்கே வேலை என்று கேட்டார். நாச்சாரத்தில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை என்றேன்.

“தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“பார்க்க முடியுமா?”

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்கப் போவதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

தொடக்க விழா. குத்துவிளக்கு ஏற்ற ஏழு பேர், தீப்பெட்டி கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை. பேச்சு, பேச்சு, மறுபடி பேச்சு. எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் சொன்னேன். ‘இரு நாட்டு உறவுப் பாலம்’ மட்டும் நான்கு முறை. படம் தொடங்கும்போது அரங்கில் பாதிக்கு மேல் காலி. பின்வரிசையில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம்: “சண்டைப் படம்னு சொன்னாங்களே, கைக்கு இப்படி மெதுவா நடக்கிறான்?” ‘கைக்கு’ என்றால் இந்த ஊரில் ‘ஏன்’.

சமோசா ஆறிப்போயிருந்தது.

ஸ்ரீதர் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். தெலுங்கில்தான் பேசுவார். நாளை டைரக்டர் மேடத்தின் படம், அரங்கு காலியாக இருந்தால் மானம் போகும், அதனால் ஷிப்ட் இல்லாத தொழிலாளர்களைப் பஸ்ஸில் கொண்டுவருகிறாராம். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தோக்கியோ தலைமை அலுவலகத்துல இருந்து ஒகுனோ-சான் முன்வரிசையில உக்காருவார். கேள்வி நேரத்துல யாராவது ஏடாகூடமா கேட்டா கொஞ்சம் ஸ்மூத் பண்ணிடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?”

உங்களுக்குத் தெரியாததா. இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பதினாறு வருடம் என்னை ஓட்டிவிட்டார்கள்.

நானும் சரி என்று தலையாட்டினேன். அதுதான் எரிகிறது.

நவம்பர் 15, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் ராத்திரிச் சோறு இறங்காது.

பதினொரு மணிக்குப் படம். இரண்டு பஸ் ஆட்கள். அரங்கு நிறைந்தது. படம் சனாயே-சானின் அப்பாவைப் பற்றியது. பாத்திர மூடி அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். வலது கையில் மூன்று விரல் இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்காது. மீதி இரண்டு விரலால் கத்தியைப் பிடித்து, தக்காளி போலிருக்கும் சீமைப் பனிச்சைப் பழம் ஒன்றைத் தோல் சீவுகிறார். அதையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோல் அறுபடாமல் நீளமாக வருகிறது. ஆரம்பத்தில் விசில் அடித்தவர்கள் அந்த இடத்தில் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வந்ததும் எழுந்தது யாதகிரி.

எங்கள் ஸ்டோரில் வேலை பார்க்கிறவன். முன்பு பிரஸ் பிரிவு. இரண்டு வருடத்துக்கு முன் இடது கை மணிக்கட்டு வரை நசுங்கிப்போனது. இப்போது ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கிறான். அந்த வேலையை அவனுக்குக் கொடுத்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை.

தெலுங்கில் நிதானமாகக் கேட்டான். “உங்க அப்பா கம்பெனி பேப்பர்ல என்ன எழுதுச்சு அம்மா? அவர் தப்புன்னு எழுதுச்சா, மெஷின் தப்புன்னு எழுதுச்சா? என் பேப்பர்ல என் அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கு. எங்க பிரஸ் ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் இறங்கும். என் ஒரு கை உள்ள இருந்துச்சு. அப்ப ரெண்டாவது பட்டனை அமுக்கினது யாரு? ரெண்டு வருஷமா எல்லாரையும் கேக்கிறேன். நீங்க பிரஸ்காரர் பொண்ணு. உங்களுக்குத் தெரியும்னு கேக்கிறேன்.”

அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. புரியாதவர்கள் இரண்டே பேர்: மேடையில் சனாயே-சான், முன்வரிசையில் ஒகுனோ-சான். அவர்கள் காதுக்குப் போக வழி நான் ஒருத்திதான். ஸ்ரீதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜப்பானிய மொழியில் சொன்னது: இவரும் ஆலைத் தொழிலாளி, படம் மனதைத் தொட்டது என்கிறார், உங்கள் அப்பா நலமா என்று கேட்கிறார்.

சனாயே-சான் குனிந்து கும்பிட்டார். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது, விசாரித்ததற்கு நன்றி என்றார். அதைத் தெலுங்கில் சொன்னேன். யாதகிரி உட்கார்ந்துவிட்டான். கைதட்டினார்கள்.

டீ குடிக்கும்போது சனாயே-சான் கேட்டார்: “அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் சொன்னது சின்னதாக இருந்ததே?”

“தெலுங்கு நீளமான மொழி” என்றேன்.

இதைவிடக் கேவலமாக ஒரு பதில் நான் இந்த ஜென்மத்தில் சொன்னதில்லை.

மீதியையும் எழுதிவிடுகிறேன். ரெண்டாவது பட்டனை அமுக்கினது யார் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் அமுக்கவில்லை. வேகமாக ஓட்டுவதற்காக அந்தப் பட்டனை ஒயர் வைத்து நிரந்தரமாக இணைத்திருந்தார்கள். விசாரணையில் ஜப்பானிய இன்ஜினியர் அப்படியே சொன்னார், விபத்துக்கு முன்பே எச்சரித்ததாகவும் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். ஸ்ரீதர்: “அது டெக்னிகல் மேடம், ரிப்போர்ட்டுக்கு வேண்டாம்.” விட்டுவிட்டேன். அடியில் மொழிபெயர்ப்பாளர் என்று கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் அந்த ஜன்னலைத் தாண்டிப் போகிறேன். “நமஸ்தே மேடம்” என்பான். நமஸ்தே என்பேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாமிடம் முதல் முறையாகச் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்து கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

“ரெண்டு வருசமாவா?”

“ஆமா.”

“அந்த ஸ்ரீதர் சொன்னாம்னா நீ நக்கோ, முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான. என்ன, தூக்கிலயா போட்டுருவான்?”

“வேலை போயிருந்தா?”

“போயிருந்தா போயிருக்கும்.” துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்குச் சொல்வது எளிது, ரயில்வே உத்தியோகம். அவர் மேலும் கோபம்.

ரூத் சோபாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தமிழ் புரியும், பேச வராது. “மம்மி, தட்ஸ் நாட் ட்ரான்ஸ்லேஷன்.” அவ்வளவுதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். கோவில் ஆராதனைக்குப் போகவில்லை. அம்மா இருந்தவரை ஞாயிறு தவறியதில்லை.

எட்டு மணிக்கு ஹோட்டல். சனாயே-சான் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவன் உண்மையில் கேட்டது என்ன, நான் மறைத்தது என்ன, விசாரணை, ஒயர், கையெழுத்து. பரவாயில்லை என்பார், ஜப்பானியர் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். “அவர் கேட்காத கேள்விக்கு என்னைச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வைத்தீர்கள்.” சத்தம் போடவில்லை, ஆனால் கன்னம் சிவந்துவிட்டது. பிறகு: “இன்று நிறைவு விழாவில் அவர் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன். அவரை வரச் சொல்லுங்கள்.”

அங்கிருந்து ஆட்டோவில் யாதகிரி வீடு. ஆலைக்குப் பின்னால் மூன்றாவது சந்து. வாசலில் அவன் மனைவி சுஜாதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டாள். யாதகிரி கூப்பிடவில்லை. வாசலிலேயே சொன்னேன். ஒயர் என்று சொன்னதும் சுஜாதா கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது. யாதகிரிதான் கேட்டான்.

“நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். நீங்க வெளிய வந்து, தைரியமா இருன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

இல்லை. ஞாபகம் இல்லை.

“இவரு தூக்கத்துல எழுந்து உக்காந்து, எந்தக் கையால அமுக்கினேன், எந்தக் கையால அமுக்கினேன்னு என்னையே கேப்பாரு” என்றாள் சுஜாதா. “தானே அமுக்கிட்டோமோன்னு பாதி நம்பிட்டாரு.”

மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து உள்ளே போனான். விழாவுக்கு வா என்று சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு மணி, நிறைவு விழா. யாதகிரி வந்திருந்தான். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்றபடி. சுஜாதாவும்.

சனாயே-சான் மைக்கை வாங்கினார். நேற்று ஒரு கேள்விக்குத் தவறான பதில் சொன்னேன், கேள்வி என்னிடம் வந்து சேரவில்லை என்றார். கேள்வியை முழுதாகச் சொன்னார். நான் தெலுங்கில் வரி வரியாக. ஸ்ரீதர் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு சனாயே-சான்: “என் அப்பாவின் பேப்பரிலும் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்கள். அவர் அதை நம்பினார். அது பொய் என்று சவ அடக்கத்துக்கு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். இதைப் படத்தில் வைத்திருந்தேன். சொந்த ஊரில் பிரச்சனை வரும் என்று வெட்டிவிட்டேன். வெட்டியிருக்கக் கூடாது.”

‘வெட்டியிருக்கக் கூடாது’ என்பதைத் தெலுங்கில் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அழுகை இல்லை. ஆத்திரம்.

நாங்கள் மேடையை விட்டு இறங்கியதும் ஒகுனோ-சான் ஸ்ரீதரிடம் போய் ஏதோ கேட்டார். ஸ்ரீதருக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஒகுனோ-சானுக்கு ஆங்கிலம் போதாது. இரண்டு பேரும் என்னைத் தேடினார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?

ஒகுனோ-சான்: “அந்தத் தொழிலாளி நம் ஆலையைச் சேர்ந்தவரா? பட்டன் விஷயம் என்ன?”

ஸ்ரீதர் தெலுங்கில்: “பழைய விஷயம், விசாரணை முடிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க மேடம்.”

பழைய விஷயம், விசாரணை முடிந்துவிட்டது என்கிறார் என்று ஜப்பானிய மொழியில் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு சொன்னேன்: “இனி வருவது அவர் பேச்சு இல்லை, என் பேச்சு. அந்த விசாரணையில் நான்தான் மொழிபெயர்த்தேன். பட்டன் ஒயரால் இணைக்கப்பட்டிருந்தது என்று உங்கள் இன்ஜினியர் சொன்னார். ரிப்போர்ட்டில் அது இல்லை. நான் சொல்லாமல் விட்டேன், விடச் சொன்னவர் இவர்.” அதையே தெலுங்கில், ஸ்ரீதருக்கும் சுற்றி நின்றவர்களுக்கும், இன்னும் சத்தமாக.

ஸ்ரீதர்: “மேடம், உங்க கையெழுத்தும் அதுல இருக்கு.”

“இருக்கு. அதனாலதான் சொல்றேன்.”

ஒகுனோ-சான் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். இன்ஜினியர் பெயரைக் கேட்டார். சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் ஒருவரும் இல்லை. சனாயே-சான் போகும்போது கை குலுக்கவில்லை, கும்பிட்டார். நேற்றைவிடக் கொஞ்சம் தாழ்வாக. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வீட்டில் சாம் வெங்காயம் வாங்கி வைத்திருந்தார். பாதி அழுகல்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி குளிர். பஸ்ஸில் நின்றபடியே நாச்சாரம்.

பத்து மணிக்கு எச்.ஆர். ரூம். இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிக் கடிதம். காரணம்: பொது இடத்தில் நிறுவனத்தின் ரகசியத்தை வெளியிட்டது. ஸ்ரீதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோக்கியோவில் இருந்தும் ஒரு மெயில் வந்திருக்கிறதாம், பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு. அதை அவர் சொல்லவில்லை, டைப்பிஸ்ட் காரிடாரில் சொன்னாள்.

வாசல் கேட்டுக்குப் போக ஸ்டோர் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேகமாக நடந்தேன்.

“மேடம்.”

நின்றேன். நமஸ்தே சொல்லவில்லை அவன்.

“புதன்கிழமை பத்தரைக்கு லேபர் ஆபீஸ் போறேன். நேத்து பேசினதை அங்க வந்து பேசுவீங்களா?”

“பேசுவேன்.”

“எழுதிக் கேட்டா?”

“எழுதித் தருவேன். கையெழுத்தும் போடுவேன்.”

தலையாட்டினான். நன்றி இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அவன் இன்னும் ஏதோ சொல்வான் என்று நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் கையுறைக்கு வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

“தள்ளி நில்லுங்க மேடம்” என்றான். “ஆள் நிக்குது.”

தள்ளி நின்றேன்.