சீர்த்தட்டுக்கு அடியில் பன்னிரண்டு சொல்

ஆக. 27, புதன்

காத்து. மேக்க மலையில மேகம், இங்க ஒரு பொட்டு மழை இல்ல.

பாத்திரக்கடை அண்ணாச்சிகிட்ட பேர் வெட்டுற மிஷின செத்த நேரத்துக்கு வாங்கினேன். "ஏம்மா, நான் வெட்டித் தர மாட்டேனா?" வேண்டாம் சாமி. வெட்டப்போறது என் கிரிப்டோ வாலட்டோட பன்னிரண்டு ரகசியச் சொல். போன் போனாலும் சொல் இருந்தா காயின் திரும்பிரும். வேற எவன் கண்ணுல பட்டாலும் வழிச்சிட்டுப் போயிருவான். பேப்பர்ல எழுதினா கரையான். அதான் எவர்சில்வர் தட்டு, அடிப்பக்கம்.

வீட்டுக்காரர்: "ஏட்டி, காத்துல கெடக்குற காசுக்குக் கல்வெட்டா?" சிரிக்கட்டும். தளவாய்புரத்துல நைட்டி தச்ச கூலியில சேத்தது. சொந்தமா நாலு தையல் மிஷின் போடத்தான்.

தட்டு அரிசி டிரம்முக்கு அடியில.

ஆக. 31, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர். நாத்தனார் மகளுக்கு நிச்சயம். தாய்மாமன் சீர் எங்களோடது. புளியோதரை பிரமாதம். புதுச் செருப்பு கடிச்சிருச்சு.

செப். 2, செவ்வாய்

கிரைண்டர் மேல வச்ச போன் மாவுக்குள்ள. செத்துப்போச்சு. பதறல. புது போன் வாங்கி வந்து, தெனாவட்டா டிரம்ம நகட்டினா... தட்டக் காணோம்!

அவர் தலையச் சொறியுதார். "சீருக்கு ஒரு தட்டு கொறஞ்சுது. சும்மா கெடக்கேன்னு எடுத்து வாழப்பழம் அடுக்கிட்டேன்."

வாயில வந்ததெல்லாம் சொன்னேன். பொறவு அழுகை. நாலு மிஷினும் வாழப்பழத்தோட போச்சு.

செப். 3, புதன்

முதல் பஸ். நாத்தனார் வீட்டுல தட்டு குமிஞ்சு கெடக்கு. அது அது யார் வீட்டுதுன்னு விளிம்புல பேர். அம்புட்டுச் சொல்லையும் வெட்டின நான் எம்பேர மட்டும் வெட்டல, மடச்சி.

"பேரில்லாம ஒண்ணு நின்னுச்சு மதினி. அடியில என்னமோ இங்கிலீசு. போட்டோ எடுத்து சொந்தக்காரக் குரூப்ல போட்டேனே, 'இது யார் தட்டு'ன்னு. பாக்கலயா?"

குரூப்ல எம்புட்டுப் பேர்! கம்ப்யூட்டர் படிச்ச கொழுந்தன் வேற. அந்தப் போட்டோவுக்குக் கட்டைவிரல் போட்டிருக்கான்.

தட்ட வாங்கி, அங்கேயே உக்காந்து ஒவ்வொரு சொல்லா போன்ல அடிச்சேன். சொல்லுக்கொரு தடவ 'சாமி, சாமி'ன்னு முனங்குதேன். "என்ன மதினி, காய்ச்சலா?"

திறந்துச்சு! அம்புட்டும் அப்படியே இருக்கு! ஊரே சாவியக் கையில வச்சிருந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல!

உடனே புது வாலட். புதுச் சொல் துண்டுத்தாள்ல, தாள் ஜாக்கெட்டுக்குள்ள. காயின் எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டுத்தான் காப்பியத் தொட்டேன். பழைய சொல்ல இனி எவன் பாத்தா என்ன?

குரூப்ல போட்டேன்: "தட்டு என்னுது." அதுக்கும் கொழுந்தன் கட்டைவிரல்.

செப். 6, சனி

மழை! மறுபடி அண்ணாச்சி மிஷின். இந்தத் தடவ ரெண்டு தட்டு, ரெண்டு எடம். வெட்டி முடிச்சு, சோதிச்சுப் பாக்க போன்ல வாலட்ட நானே அழிச்சேன். ரெண்டு தட்டையும் பாத்துப் பாத்துத் திரும்பத் திறந்தேன். திறக்குது. துண்டுத்தாள் அடுப்புல. விளிம்புல எம்பேரு, இம்மாம் பெருசு.

கொஞ்சம் காயின வித்து தையல் மிஷின் நாலுக்கும் சொல்லியாச்சு. அவர் மொகத்தப் பாக்கணுமே! பூனை மாதிரி பக்கத்துல வந்து, "தட்ட எங்கட்டி வச்சிருக்க?"ங்கார்.

டைரியே, உனக்கே சொல்லல. அவருக்கா?