மெத்தையில் ஈரம் இல்லை

14-11-91, வியாழன். காலை முதல் தூறல். வெயில் இல்லை.

1. நான், ந. தணிகாசலம், நடேசன் மகன், வயது நாற்பத்தொன்பது, வழக்கறிஞர். அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் சொந்த வீட்டில் வசிப்பவன்.

2. இக்குறிப்புகள் என் சொந்த உபயோகத்திற்கு மட்டும். பிறர் படிப்பதற்கல்ல.

3. தாயார் காலமான பிறகு, தந்தையார் மூன்று மாதம் என் வீட்டிலும் மூன்று மாதம் ஆவடி குவார்ட்டர்ஸில் தம்பி முருகேசன் வீட்டிலுமாக மாறி மாறி இருந்து வருகிறார். இம்முறையை நிறுத்தி, அவரை நிரந்தரமாக என்னிடமே வைத்துக்கொள்வதென்று எண்ணம். காரணம் கீழே.

இன்று என் முறை தொடக்கம். ஆவடியிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து சேர்ந்தார். சுருட்டிய மெத்தை, அதன்மேல் அவர், அவர்மேல் பிளாஸ்டிக் தாள். காலடியில் டிரங்குப் பெட்டி. தம்பி சைக்கிளில் பின்னால், முழுக்க நனைந்து.

மெத்தையின் நிலை, தம்பி முன்னிலையில் பிரித்துப் பார்த்தது: இலவம்பஞ்சு. நடுவில் பள்ளம். மேற்புறம் கறை, ஓரம் பழுப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. திருப்பினால் அடிப்புறமும் அவ்வாறே. வாடை உண்டு.

விளக்கம் கேட்டேன். "நைனாவுக்கு வயசாவுதுண்ணா. ராத்திரில தெரியாம பூடுது. தொடச்சி வெயில்ல போடுவோம். இப்ப வெயிலு எங்க கீது?" என்றான். சிரித்துக்கொண்டே. அலட்சியம் என்பதைத் தவிர வேறு சொல் தோன்றவில்லை.

தந்தையார் வாசலிலேயே நின்றிருந்தார். "மெத்தைய உள்ள எடுத்தாரலாமாடா?" என்று கேட்டார். வேண்டாம், மாடிப்படி அடியில் இருக்கட்டும் என்றேன். அதன் பிறகே அவர் உள்ளே வந்தார்.

16-11-91, சனி. மழை விட்டிருக்கிறது. மேகம் விடவில்லை.

மெத்தை தைப்பவர் வந்தார். மாடி அறையில் உறையைப் பிரித்தார். "பஞ்சு பாதி செத்துப்போச்சி சார். மீதிய அடிச்சித் தேத்திக் குடுக்கறேன், புதுசு கொஞ்சம் சேத்துக்கலாம்." நாள் முழுதும் பஞ்சடிக்கும் வில்லின் சத்தம். வீடெங்கும் பஞ்சு. என் வழக்குக் கட்டுகளின் மேலும். மனைவி சாரதா முக்காடு போட்டுக்கொண்டு சமைத்தாள்.

புது உறை, நீலக் கோடு போட்ட கெட்டித் துணி. அதன்மேல் ரப்பர் ஷீட். அதன்மேல் வெள்ளை விரிப்பு. மூலைகளில் நாடா தைத்துக் கட்டிலோடு கட்டியாயிற்று.

இரண்டு நாளாகத் தந்தையாருக்குப் பாய். "இதுவே நல்லா கீதுடா, இப்டியே உட்டுடேன்" என்றார். ஏற்கவில்லை. எழுபத்தெட்டு வயதில், மழைக்காலத்தில், தரையில் படுப்பது தகாது. பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

17-11-91, ஞாயிறு. தூறல்.

தந்தையார் கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டினேன். என் கையெழுத்து, பெரிய எழுத்தில்:

மெத்தை பயன்பாடு
அ. மெத்தையில் அமர்ந்து உணவு, காபி அருந்தலாகாது.
ஆ. ரப்பர் ஷீட் விலகாமல் பார்த்துக்கொள்ளவும்.
இ. படுக்கும் முன் கழிவறை சென்று வரவும்.
ஈ. ஈரம் நேர்ந்தால் உடனே தெரிவிக்கவும்.
உ. வாரம் ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றப்படும்.

தந்தையார் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக உரக்கப் படித்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆவடியில் ஃபிட்டராக இருந்தவர். "இம்மாம் ரூல்ஸு ஃபாக்டரில கூட இல்லடா. அங்க ஒரு மண்ட ஓடு வரஞ்சி வச்சிருப்பான், அத்தோட சரி." சிரித்தோம்.

சாரதா சிரிக்கவில்லை. "இது மாமாவுக்கா, மெத்தைக்கா?" என்றாள். இருவர் நலனுக்கும் என்றேன். சொன்ன பிறகே 'இருவர்' என்ற சொல் பொருந்தாதென்று பட்டது.

19-11-91, செவ்வாய். நல்ல மழை. எஸ்டேட் சாலையில் முழங்கால் தண்ணீர்.

காலையில் மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. நேற்றும் இல்லை. முறையாகக் கவனித்தால் நேராது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

சோபா முதுகில் வெண்பூஞ்சை. பழைய ஷேவிங் பிரஷ்ஷால் மடிப்புகளிலும் பொத்தான் குழிகளிலும் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்தேன். கட்சிக்காரர்கள் நனைந்த உடையோடு உட்காருகிறார்கள். ஆகவே பிளாஸ்டிக் உறை மழைக்காலம் முடியும்வரை நீடிக்கும்.

தந்தையார் ஸ்டீல் நாற்காலியில். சோபாவில் உட்காரச் சொன்னேன். "வயவயன்னு கீதுடா, வயிக்கி உயுந்துடுவேன்."

தபால் பார்க்க வேண்டும். குடைக் கம்பி சரிசெய்ய வேண்டும்.

21-11-91, வியாழன். மழை.

ஈரம் இல்லை. விரிப்பில் கறை இல்லை. மடிப்புக்கூட அதிகம் கலையவில்லை. அமைதியான உறக்கம் என்று கொள்ளலாம்.

ஆனால் இருமல். இடுப்பு வலி என்கிறார், எழும்போது சுவரைப் பிடிக்கிறார். பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கக்கூடும். மேசை விசிறியை மெத்தை நோக்கித் திருப்பி வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் விரிப்பின் மேல் ஓட்டினேன். நான்கு மூலையிலும் பாச்சை உருண்டை.

தந்தையார் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கொயந்தய பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிறியேடா" என்றார். மனதுக்குச் சற்று நிறைவாக இருந்தது.

விடியலில் குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்பதாகச் சாரதா சொன்னாள். அதிகாலைக் குளியல் இந்த இருமலுக்கு ஆகாது. சொல்ல வேண்டும்.

24-11-91, ஞாயிறு. மூட்டம். மழை இல்லை.

தம்பியும் அவன் மனைவி குமாரியும் வந்தார்கள். தூக்கில் ஆட்டுக்கால் சூப். "மாமா, சூடு ஆறிடப்போவுது, குடிங்க" என்று குமாரி டம்ளரில் ஊற்றிக் கையிலேயே கொடுத்தாள். தந்தையார் கூடத்துத் தரையில் இறங்கி உட்கார்ந்து குடித்தார்.

தம்பி சோபாவைத் தட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா, சோபாவுக்கெல்லாம் சட்ட மாட்டிக்கீறே, நைனா வெறும் ஒடம்போட குந்தினு கீறாரு?" சட்டை காயவில்லை என்றேன். உண்மையும் அதுவே.

அறைக்கு அழைத்துச் சென்று மெத்தையைக் காட்டினேன். எட்டு நாளில் ஒரு துளி ஈரமில்லை என்றேன். உள்ளங்கையால் நடுவில் அழுத்தினான். அட்டையைப் படித்தான். மறுபடியும் விரிப்பைத் தடவினான். பிறகு, "புதுசாட்டமே கீது" என்றான்.

என் முடிவைத் தெரிவித்தேன்: இனி முறை வேண்டாம், தந்தையார் இங்கேயே. அவன் முகம் சிறுத்துவிட்டது. "நைனா வாயால சொல்லட்டும்ணா" என்றான்.

தந்தையார் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னா சொல்றது. உங்க இஸ்டம்." இதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். குமாரி தூக்கைக் கழுவாமலே மூடி எடுத்துக்கொண்டாள்.

27-11-91, புதன். கடலில் காற்றழுத்தம். இருட்டிக்கொண்டு பெய்கிறது.

நீதிபதி விடுப்பு. எல்லா வழக்கும் வாய்தா. பூந்தமல்லியில் பேருந்துக்கு நெடுநேரம் நின்று, பிற்பகல் வீடு. சாரதா பள்ளி வேலையிலிருந்து திரும்பவில்லை. என் சாவியால் திறந்தேன். மழை இரைச்சலில் கதவுச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் படுத்திருந்தார். கீழே கோணிப்பை, அதன்மேல் பழைய வேட்டி, தலைக்குச் சுருட்டிய துண்டு. முழங்கால் மார்போடு மடங்கி இருந்தது. கட்டிலின்மேல் வெள்ளை விரிப்பு, காலையில் நான் இழுத்துவிட்டுப் போனபடியே.

"நைனா" என்றேன்.

பதறி எழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாக வேட்டி நுனியால் தரையைத் துடைத்தார். "சும்மாதான்டா. முதுவ நீட்டலாமேன்னு." கோணியைத் தொட்டேன். ஈரம்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"புது உற போட்டதுலருந்து."

"ஏன் சொல்லலை?"

"சொல்லணும்னுதான் எயுதி ஒட்டிக்கீறியே. இன்னான்னு வந்து சொல்றது உன்னாண்ட? மூத்திரம் பூட்டேன்னா? மருமவப் பொண்ணு இருக்கசொல்ல?"

குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஏதோ விளக்குவது போலத்தான் பேசினார்.

"முருகேசன் வீட்ல?"

"அங்க சொல்றதுக்கு இன்னா கீது? அவன் பக்கத்துலயே படுத்துனு இருப்பான். 'எயுந்திரு நைனா, ஏரி ஒடஞ்சிக்கிச்சி'ம்பான். நானும் சிரிப்பேன், அவனும் சிரிப்பான். வேட்டிய மாத்தி உட்டு, மெத்தய பொரட்டிப் போட்டு, திரும்ப படுக்க வச்சிருவான். விடிஞ்சா எனக்கே நெனப்பு இருக்காது."

நின்றுகொண்டிருந்தேன். கால்சட்டையிலிருந்து மழைநீர் சொட்டித் தரையில் ஓடியது. அதையும் அவரே துடைக்கக் குனிந்தார்.

மாலையில் சாரதாவிடம் சொன்னேன். அவளுக்கு மூன்று நாளாகத் தெரியுமாம். விடியலில் வேட்டியும் கோணியும் துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம்.

"என்னிடம் ஏன் சொல்லலை?"

"மாமா கையெடுத்துக் கும்பிட்டார், சொல்லாதேம்மான்னு. சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? அட்டையில இன்னொரு வரி சேத்திருப்பீங்க."

எனக்குத் தெரியாது என்பது சரியான எதிர்வாதமன்று. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு காலையும் இருந்தது. மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

28-11-91, வியாழன். மழை.

அட்டையைக் கிழித்தேன். பசை விடவில்லை, சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. ரப்பர் ஷீட்டையும் அகற்றினேன்.

தந்தையாருக்கு உடம்பு சுடுகிறது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, முதுகில் குளிர் ஏறக்கூடாது, மாத்திரை, கஞ்சி. தரையில் படுத்தாரா என்று கேட்டார். ஆம் என்றேன்.

கட்டிலில் படுக்க வைத்தேன். எவ்வளவு நனைந்தாலும் பரவாயில்லை, மெத்தை போனால் போகட்டும் என்றேன். "சரிடா" என்றார்.

29-11-91, வெள்ளி. விட்டு விட்டு மழை.

மாத்திரையில் காய்ச்சல் தணிந்திருக்கிறது. ஆனால் உறங்கவில்லை. மெத்தையின் ஓரத்தில், ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, விறைத்துக் கிடக்கிறார். பகலிலும் அப்படியே. கண் சொருகும்போதெல்லாம் திடுக்கிட்டு விரிப்பைத் தடவுகிறார்.

"தூங்குங்க நைனா."

"தூக்கம் வர்லடா. ஆயிடப்போவுதேன்னு முயிச்சினே கீறேன்."

பரவாயில்லை என்று மீண்டும் சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. அட்டையில் எழுதியதை ஒருமுறைதான் எழுதினேன்.

பிற்பகலில் அவரே கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோச்சுக்காத. முருகேசன வரச்சொல்லு. நான் அங்கியே இருந்துக்கிறேன்."

1-12-91, ஞாயிறு. மழை இல்லை. வெயிலும் இல்லை.

காய்ச்சல் இல்லை. தம்பியும் குமாரியும் ஆட்டோவோடு வந்தார்கள். தம்பி நேராக அறைக்குப் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். "இன்னா நைனா, இங்கயும் ஏரி ஒடச்சிட்டியாமே?" தந்தையார் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். இந்தப் பதினேழு நாளில் இவ்வீட்டில் அப்படி ஓர் ஓசை எழவில்லை.

மெத்தையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று தம்பி கேட்டான்.

"வோணாம். அது அண்ணனுது."

அவருடையதுதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டார்.

டிரங்குப் பெட்டி ஆட்டோவில் ஏறியது. போகிறவர் திரும்பி வந்து ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு காயிதம் எடு. எயுதிக்கோ. எயுதி வச்சாதான உனக்கு மனசு ஆறும்." தேவையில்லை என்றேன். "எயுதுடா" என்றார். அவர் பேச்சை அவர் பேச்சாக எழுத வேண்டியிருந்தும், கை பழக்கத்தில் என் நடைக்கே போனது.

1. நான், மு. நடேசன், ஓய்வுபெற்ற ஃபிட்டர், என் இளைய மகன் முருகேசன் வீட்டில் என் முழுச் சம்மதத்தோடு இருந்து வருவேன். இனி முறை மாற்றம் இல்லை.

2. மூத்த மகன் தணிகாசலம் ஞாயிறுதோறும் வந்து பார்க்கலாம். வரும்போது எதுவும் வாங்கி வர வேண்டியதில்லை.

3. நான் கண்மூடினால் இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

படித்துக் காட்டினேன். சரி என்றார். நான்காவதாக, 'மூத்த மகன்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை' என்று சேர்க்கலாமா என்று கேட்டேன்.

என் கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தார்.

"அத்த எயுதாத" என்றார்.

காரணம் கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்தேன். தம்பி சம்பந்தப்பட்டவன், சாட்சியாக இயலாது. ஆகவே பெண்கள் இருவரும்.

(ஒப்பம்) மு. நடேசன்

சாட்சிகள்:
த. சாரதா, அம்பத்தூர்
மு. குமாரி, ஆவடி

எழுதியது: ந. தணிகாசலம்