தரைக்கடியில் நீங்கள் புதைத்த சூடு

இன்று காலை டைல்ஸ் மாற்ற வந்தவர் கடப்பாரையை இறக்கியதும் ‘ணங்’ என்று ஒரு சத்தம். மண்ணைக் கிளறினால், சுருள் சுருளாக உங்கள் செம்புக் குழாய். “என்னம்மா இது, வீட்டுக்குள்ள?” என்றார். புருஷன் பார்த்த வேலை என்று எப்படிச் சொல்வது? போய்ச் சேர்ந்த பிறகும் என் தரையை விடமாட்டீர்களா நீங்கள்?

தாராவிப் பட்டறையில் ஊரார் ஃபிரிட்ஜையெல்லாம் பழுது பார்த்த மனிதர், தேவ்நாரில் தன் வீட்டுக்கு ஓர் ஏசி மாட்டவில்லை. கேட்டால் நம் சந்தின் அகலத்தைக் காட்டுவீர்கள். கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல். “நம்ம வீட்டுச் சூட்ட சுனந்தா மூஞ்சில ஊதச் சொல்லுதியா?” சரி, அதோடு விட்டிருக்கலாம். விட்டீர்களா?

வெயிலில் காய்ந்த வெந்நீரைக் கொண்டே வீட்டைக் குளிர வைக்கும் யந்திரம் ஒன்றைப் பட்டறையிலேயே கட்டினீர்கள். கூரையில் தகடுகள், மூலையில் உருளைகள். ஆனால் அது ஏசியைவிட அதிகமாகச் சூட்டைக் கக்குமாம். தண்ணீர் விட்டு ஆற்றலாம் என்றால் நம் சந்தில் குடிக்கவே தண்ணீர் இல்லை.

“மண்ணுக்குள்ள விட்டுருவோம்ளா. தேவ்நார் மண்ணு ஈர மண்ணு, வாங்கிக்கிடும்.”

தரை முழுவதையும் பெயர்த்தீர்கள். குழாய் புதைத்து முடியும்வரை சுனந்தா வீட்டு அடுப்பில்தான் சோறு பொங்கினேன்.

குளிர்ந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மே மாத மத்தியானத்தில் போர்வை தேடினேன். சுனந்தா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, மகாபலேஷ்வர் மலைக்கே வந்ததுபோல் இருக்கிறது என்று காலை நீட்டிப் படுத்துவிட்டாள். கல்யாணத்தன்றுகூட உங்கள் முகத்தில் அத்தனை சிரிப்பை நான் பார்க்கவில்லை.

சில நாள்தான். பிறகு தரை சுட ஆரம்பித்தது. கொட்டிய சூட்டை மண்ணால் வாங்க முடியவில்லை. வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு சமைத்தேன்.

“இன்னும் ஆழமாத் தோண்டணும்ளா.”

“கடப்பாரயத் தொட்டீங்கன்னா நான் மாட்டுங்காவுல இருக்க எங்கக்கா வீட்டுக்குப் போயிருவேன்.”

சோற்றைப் போட்டேன், பேச்சை நிறுத்தினேன். கடைசியில் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். மத்தியானம் மட்டும் ஓட்டுவது, மற்ற நேரம் மண் ஆறட்டும் என்று. நீங்கள் இருந்தவரை அப்படித்தான் ஓடியது. சந்துப் பெண்கள் பாதிப் பேர் நம் வீட்டில்தான் குறட்டை விட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த யந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் மகன் ஏசி மாட்டினான். வெளிப்பெட்டி நேராக எதிர் ஜன்னலைப் பார்த்து. சுனந்தா சண்டைக்கு வரவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். நான் போய்க் கேட்டதற்கு, “சல்தா ஹை”, பரவாயில்லை என்று சிரித்தாள், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

“பெட்டியக் கூரைக்கு மாத்துல.”

“எல்லார் வீட்லயும் இப்படித்தாம்மா இருக்கு.”

“நம்ம வீட்ல கெடயாது.”

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான்.

எனக்குத்தான் விடிவில்லை. வாசல் கழுவினால் அந்தத் தண்ணீர் யார் படியில் போய் நிற்கிறது என்று பார்க்கிறேன். மிளகாய் வறுத்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று எட்டிப் பார்க்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். போகும்போது இந்தத் தொல்லையையும் நீங்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.