நெய்யில் வறுத்த மாவு

சமயபுரத்தாள் துணை

காட்டூர், திருச்சி
10-8-64, திங்கள்கிழமை

அன்பு மகன் மருதைக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, ஸ்ரீரங்கத்தில் உன் தங்கை வள்ளிக்கண்ணு, மாப்பிள்ளை ரெங்கராஜ் எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டிய இடத்தில் பேனா நிற்கிறது, ஏனென்றால் உன் சுகம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று, பம்பாயில் உன்கூட இருக்கிற லூர்து சனிக்கிழமை வந்து சொல்லிவிட்டான். நீ சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். அவனைத் திட்டாதே, அவன் வாயைப் பிடுங்கியது நான்தான். முதலில் ஒரு காரியம் செய். மற்றதை அப்புறம் படி. நான் அனுப்பிய மாவு டப்பா இரண்டில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதில் இனிமேல் கை வைக்காதே. கெட்டுப்போகவில்லை, பயப்படாதே, யாருக்காவது கொடுத்துவிடு. ஏன் என்று கீழே எழுதுகிறேன். அப்பா தந்தி கொடுத்துவிடலாம் என்றார். அம்மா அனுப்பிய மாவைத் தின்னாதே என்று தந்தி கொடுத்தால் போஸ்டாபீசில் நான் விஷம் வைத்துவிட்டேன் என்றல்லவா நினைப்பார்கள், அதனால்தான் கடிதம்.

சித்திரையில் நீ ஒரு போட்டோ அனுப்பினாயே, ஸ்டுடியோவில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, சின்ன ஜட்டியோடு, இடுப்பில் கை வைத்து நின்றது. ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறேன், செப்டம்பர் இருபதாம் தேதி மேடையில் நிற்கப் போகிறேன், ஜெயித்தால் கம்பெனியில் விளையாட்டுக்காரன் என்று வேலையை நிரந்தரம் செய்வார்கள் என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. நான் பார்த்தது உன் வயிற்றைத்தான். வயிற்றுக்குக் குறுக்கே கோடு கோடாக இருந்தது. விலா எலும்புதான் அடிவயிறு வரைக்கும் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன் கண்ணு. நம் வீட்டில் உடம்பில் கோடு தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பஞ்சம். பிள்ளை பம்பாயில் சோற்றுக்கு வழியில்லாமல் கிடக்கிறான், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு போட்டி கீட்டி என்று கதை விடுகிறான் என்று முடிவு கட்டி அன்றைக்கு முழுக்க அழுதேன். அப்பாவுக்கு வேறு கோபம், கோவணத்தோட மேடையில நிக்கிறதுக்கா அவன பம்பாய்க்கு அனுப்புனேன் என்று சத்தம் போட்டார். யார் கண்ணிலும் படக் கூடாது என்று போட்டோவை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் உன் இரண்டாவது கடிதம் வந்தது. பச்சைப்பயறும் பொட்டுக்கடலையும் கொள்ளும் வெறும் சட்டியில் வறுத்து அரைத்து அனுப்பு, வெல்லம், நெய், தேங்காய் எதுவும் சேர்க்காதே என்று எழுதி, சேர்க்காதே என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். நானும் உன் சொல்படி வறுத்து அரியமங்கலம் மில்லில் அரைத்து வந்தேன். ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தேன், மாட்டுக்கு வைக்கிற தவிடு மாதிரி இருந்தது. இதையா என் பிள்ளை காலையும் ராத்திரியும் தின்பான் என்று மனசு கேட்கவில்லை. வெல்லம் போட்டால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மாப்பிள்ளை வீட்டு எருமை நெய்யை வள்ளிக்கண்ணுவிடம் வாங்கி வந்து, இருப்புச்சட்டியில் ஊற்றி, மாவைப் பொன்னிறமாக வறுத்து, மலைக்கோட்டைக் கடைவீதியில் வாங்கிய முந்திரியையும் வேர்க்கடலையையும் தூளாக இடித்துக் கலந்து டப்பாவில் அடைத்தேன். அண்ணன் நெய் ஆகாதுன்னுல்ல எழுதியிருக்கு என்று உன் தங்கை கேட்டாள். அஞ்சு மாசக்காரி உனக்கு என்ன தெரியும், பேசாம குடு என்று அவளை அடக்கிவிட்டேன். ஒரு டப்பா இல்லை, ஆனியில் இன்னொரு டப்பாவும் அப்படியேதான். மாவு மணமாக இருக்கிறது, கூட இருக்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்று நீ எழுதியபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளையை ஏமாற்றிச் சாப்பிட வைத்துவிட்டேன் என்று அப்படி ஒரு பெருமை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகு எட்டு வாரம் ஓடியது.

இந்த இடத்தில் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். தபால்காரர் தாண்டிப் போய்விட்டார். நீ எழுதி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது.

சனிக்கிழமை மூன்றாவது டப்பாவுக்கு நான் மாவு வறுத்துக்கொண்டிருந்தேன். மாதா திருநாளுக்கு லீவில் வந்த லூர்து நேராக அடுப்படிக்கே வந்துவிட்டான். நெய் வாசத்தை மோந்துபார்த்து, முந்திரித் தூளையும் பார்த்துவிட்டு, அம்மா இது மருதைக்கு அனுப்புற மாவா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. போட்டோவில் இருந்தது எலும்பு இல்லையாம், சதையாம். பளு தூக்கித் தூக்கி உள்ளே சதை கட்டிக்கொள்ளுமாம், மேலே இருக்கிற கொழுப்பு குறைந்தால் அது கோடு கோடாக வெளியே தெரியுமாம், அதைக் காட்டத்தான் போட்டியாம். பளு தூக்கச் சொல்லித் தருகிற உன் வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம், ஆறு நாள் அளந்து தின்ன வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை மட்டும் மனசுக்குப் பிடித்ததை, இனிப்பாக இருந்தாலும் தின்னலாம், அது இல்லாவிட்டால் ஆறு நாளும் ஓடாது என்று. நீயும் லூர்துவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாட்டுங்காவில் நம்ம ஊர்க்காரர் கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு தட்டு கேசரி தின்றுவிட்டு நடந்தே திரும்புவீர்களாம். சித்திரையில தெரிஞ்ச கோடு ஆனியில காணோம்மா, என்ன தப்பு பண்றேன்னு அவனுக்குப் புரியல என்று லூர்து சொன்னான். புரியாமல் நீ முதலில் ஞாயிற்றுக்கிழமை கேசரியை விட்டாயாம். அப்புறம் ராத்திரிச் சோற்றை விட்டாயாம். அப்புறம் மத்தியானச் சோறு, தயிர், உப்பு. தண்ணீரைக்கூட அளந்து குடித்தாயாம். தண்டாலும் பஸ்கியும் இரட்டிப்பாக்கிவிட்டாயாம். மாவை மட்டும் விடவில்லையாம். அம்மா அனுப்புனது, அதுல ஒண்ணும் இல்ல என்று சொன்னாயாம்.

அதைக் கேட்டதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். மருதை, உன்னிடம் மறைக்க மாட்டேன், இத்தனை வயதில் எனக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி நீ லேத்து மெஷினுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்ததையும், நெற்றியில் மூன்று தையல் போட்டதையும், கை ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் விரல் போயிருக்கும் என்பதையும் அவன் அதற்குப் பிறகுதான் சொன்னான். உன்னைத் தள்ளிவிட்டது நான்தான். திருட்டுத்தனமாக நான் ஊற்றிய நெய்க்கு நீ உன் கேசரியையும் சோற்றையும் கொடுத்து ஈடு கட்டியிருக்கிறாய். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான், என் வீட்டில் மறந்துவிட்டேன்.

 அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். வந்து அவராகவே சொன்னார், வரப்பு தெரியணும்னா வயல்ல தண்ணி வடியணும் புள்ள, அது சரிதான், ஆனா ஒட்ட வடிச்சிட்டா பயிர் கருகிடும், அதை அவனுக்கு எழுது என்று. உன் போட்டியைப் பற்றி அவர் நல்லபடியாகப் பேசியது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டேன். நீயும் கேட்டுக்கொள். வடிப்பது உன் இஷ்டம், உன் வாத்தியார் இஷ்டம், நான் அதில் வாய் வைக்க மாட்டேன். ஆனால் உப்பையும் தண்ணீரையும் விடாதே. மத்தியானம் ஒரு பிடி சோறாவது தயிர் விட்டுச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு மெஷின் பக்கம் போகாதே. தையல் பிரித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு. வாத்தியாரிடம் போய் எங்கம்மா இப்படி இப்படிச் செய்துவிட்டாள் என்று சொல்லிவிடு, வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதே, அவர் மறுபடி கணக்குப் போட்டுத் தரட்டும். சிரித்தால் சிரிக்கட்டும்.

மற்றபடி இங்கே காவிரியில் தண்ணீர் நன்றாக வருகிறது. பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், வள்ளிக்கண்ணுவைப் படியில் இறக்கவில்லை, மேலே உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தேன். அவளுக்கு ஆவணியில் வளைகாப்பு. அண்ணன் வர முடியாதது அவளுக்குக் குறைதான், ஆனால் ஜெயித்துவிட்டு வந்தால் போதும் என்கிறாள். நேற்று வந்திருந்த அவளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் அப்பவே சொன்னேன்ல என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் காட்டினாள், கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் எருமை கன்று போட்டிருக்கிறது. அந்தப் பாலைப் பற்றி உனக்கு எழுதி என்ன பிரயோசனம்.

போட்டோ விஷயம் ஒன்று. நேற்று அரிசிப் பானையை நகர்த்திப் பார்த்தேன், அங்கே இல்லை. கரப்பான் இழுத்துப் போயிருக்குமோ என்று அடுப்படி முழுக்கத் தேடிவிட்டேன். சாயங்காலம் அப்பா கடைவீதியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். போட்டோவை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்திருக்கிறார். கேட்டால், சும்மா வச்சா பூச்சி அரிச்சிடும், அதுக்குத்தான் என்கிறார். சமயபுரத்தாள் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணியடித்துவிட்டார். சாமி பக்கத்தில் ஜட்டியோடு ஒருத்தனா என்று நான் சொன்னதற்கு, பழனியில் முருகன் என்ன கட்டிக்கிட்டு நிக்கிறாரு என்று என்னையே திருப்பிக் கேட்டார். இன்று காலையில் பல் விளக்கிவிட்டு வந்ததும் நின்று பார்த்தார். எனக்கும் கூச்சம் போய்விட்டது. எலும்பு இல்லை என்று தெரிந்த பிறகு பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, உன் தாத்தா ஏற்றம் இறைத்த காலத்தில் அவருக்கும் உடம்பு இப்படித்தான் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் தேதி லூர்து ரயில் ஏறுகிறான். அவனிடம் இரண்டு டப்பா கொடுத்து அனுப்புகிறேன். பெரிய டப்பாவில் மாவு, நீ எழுதிய மூன்று சாமான் தவிர எதுவும் இல்லை. லூர்துவைப் பக்கத்தில் உட்கார வைத்து வெறும் சட்டியில் வறுத்தேன், மில்லுக்கும் அவனையே கூட்டிப் போனேன், டப்பாவை மூடித் துணி சுற்றித் தைத்ததும் அவன் கண் முன்னால்தான். என் பேச்சை நம்ப வேண்டாம், அவனைக் கேட்டுக்கொள். தவிடு மாதிரிதான் இருக்கும், சகித்துக்கொள். இந்த இரண்டு நாளாக நானும் காலையில் அதையேதான் கரைத்துக் குடிக்கிறேன், தொண்டையில் இறங்க மறுக்கிறது, நீ எப்படித்தான் குடித்தாயோ. சின்ன டப்பாவில் அதிரசம். நெய்யும் வெல்லமும் தாராளமாகப் போட்டது, அதை மறைக்கவில்லை. நாலே நாலு. இருபத்து மூன்றாம் தேதி ஒன்று, முப்பதாம் தேதி ஒன்று, அடுத்த மாதம் ஆறாம் தேதி ஒன்று, பதிமூன்றாம் தேதி ஒன்று. லூர்து வந்து சேர்ந்த பிறகு போட்டிக்கு முன்னால் உனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது, விரலை மடக்கி எண்ணிவிட்டேன். உன் வாத்தியாரிடம் காட்டிவிட்டு அவர் சரி என்றால் தின்னு, வேண்டாம் என்றால் லூர்துவுக்குக் கொடு. நாலுக்கு மேல் ஒன்றுகூட வைக்கவில்லை. டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துக்கொள். அம்மா அனுப்பியதை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைக்கு நானே கொண்டுவந்துவிட்டேன், அதற்கு உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நீ மேடையில் நிற்கிற அன்றைக்குச் சமயபுரத்துக்கு நடந்தே போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்வோம், அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் விரல் பத்தும் முழுசாக இருக்கிற பிள்ளை ஊருக்கு வந்தால் போதும். மாரியாத்தா உனக்கு நல்ல புத்தியும் நல்ல பசியும் கொடுக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு.

ஞாபகமாக, இது கிடைத்த அன்றைக்கே ஒரு கார்டு போடு. இரண்டு வரி போதும். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நன்றாகச் சாப்பிடுகிறேன் அம்மா என்று பொய் மட்டும் எழுதாதே. சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே எழுது. மணக்க மணக்க எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன், பொய்யை நெய்யில் வறுத்தால் எப்படி மணக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

இப்படிக்கு
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா
வெ. பொன்னுத்தாய்