ஒலி பட்டால் வேலை செய்யும் பெயின்ட்

மார்ச் 4
இன்று ஒரு டப்பாவை நானே படித்தேன். எழுபத்தொரு வயதில்! எங்கள் அறைச் சுவருக்கு மகன் பெயின்டரை வைத்து இன்று அடித்த புது பெயின்ட். "காற்றிலுள்ள நச்சைப் போக்கும்." மூன்று வார்த்தைக்குக் கால் மணி நேரம். போகட்டும், முதியோர் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம்தானே.

மகன் அதே அறைக்கு வாங்கிவந்த பலகை அலமாரியின் பசை நாற்றத்தில் என் வீட்டுக்காரிக்கு ஓயாத இருமல். பதினெட்டு நாளாகக் கூடத்தில் படுக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பிரிந்து படுத்ததில்லை. அலமாரியை எடுடா என்றால் அவனுக்குக் கோபம். ஆசையாக வாங்கியதாம். அதனால் சுவருக்குப் பெயின்ட். தலைவலி தலையில், தைலம் காலில்!

மார்ச் 6
இருமல் அப்படியே. சுவர் சும்மா நிற்கிறது.

மார்ச் 7
கண்டுபிடித்தேன்! டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில்: "ஒலி பட்டால் மட்டுமே செயல்படும்." ஒலி என்றால் சத்தம், வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த அறையில் யார் சத்தம் போடுகிறார்கள்? சுவர்தான் பாவம் என்ன செய்யும்? பாடப் புத்தகத்தில் மூன்று பக்கம் அதற்கு உரக்கப் படித்தேன்.

மார்ச் 9
தொண்டை கட்டிவிட்டது. இன்று ரேடியோ வைத்தேன். மருமகள் சிரிக்கிறாள்: "சுவத்துக்கும் காது உண்டுன்னு சொல்வாங்க மாமா, அதுக்காக இப்படியா?" கல்லூரி வரை படித்தவள். டப்பாவைத் திருப்பிப் பார்க்க நேரமில்லை. என் வீட்டுக்காரியோ, "நான் இருமுற சத்தம் பத்தலையாமா அதுக்கு?" என்கிறாள்.

மார்ச் 12
பெயின்டரை வரவழைத்துச் சண்டை போட்டேன். "அஞ்சு நாளா கத்துறேன்பா, ஒண்ணும் நடக்கல!" அவன் டப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பெரியவரே, அது ஒலி இல்ல, ஒளி. வெளிச்சம் பட்டாத்தான் இந்தப் பெயின்ட் வேலை செய்யும். நீங்க ஜன்னலையே அலமாரியால அடைச்சு வச்சிருக்கீங்க."

ள! ஒரே ஒரு ள! ல, ள, ழ என்று மூன்றை எவன் வைத்தான்? ஒன்று போதாதா?

போகும்போது இன்னொன்றும் சொன்னான்: "பெயின்ட் ஏதோ கொஞ்சம்தான் செய்யும். நாத்தம் எங்கேர்ந்து வருதோ அதை முதல்ல வெளியே தள்ளுங்க."

மார்ச் 13
மகனிடம் சொன்னேன். "ஒலிக்கும் ஒளிக்கும் வித்தியாசம் தெரியாம அஞ்சு நாள் கத்தினீங்க. இப்ப அலமாரியை எடுக்கணுமா?" என்றான். எழுந்து வந்துவிட்டேன்.

நான் தப்பாப் படிச்சேன், சரி. உங்கம்மாவுக்கு மூச்சு தப்பாவா திணறுது? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டாமா? இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 14
பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. ஒரு தாளில் பெரிதாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். "உன் அம்மா கூடத்தில் படுப்பது இது இருபத்தெட்டாவது நாள்." ள, ல எல்லாம் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மார்ச் 15
மகன் வேலைக்குப் போகவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அலமாரியை வெளி வராந்தாவுக்குத் தள்ளினார்கள். அறைக்குள் வெயில்.

மார்ச் 22
ஒரு வாரமாக ஜன்னல் திறந்தே இருக்கிறது. மூக்கை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், நாற்றம் இல்லை. எது செய்த வேலை? பெயின்ட்டா, ஜன்னலா, அலமாரி போனதா? எனக்குத் தெரியாது.

மத்தியானம் கண்ணயர்ந்தேன். ஒரு தலையணை வந்து முதுகில் இடித்தது.

"தள்ளிப் படுங்க. கட்டில் முழுக்க உங்களுக்கேவா?"

தள்ளிப் படுத்தேன்.