இன்ஜின் பெட்டிச் சூடு

மேட்டமலை
11.7.2004

அன்புள்ள மச்சானுக்கு,

மாரிசெல்வி எழுதிக்கொள்வது. இங்கே அத்தை, பாண்டிச்செல்வி, உங்கள் தம்பி மாரிக்கண்ணன், நான் எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். வேலை முடிந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். உங்களுக்கு உடனே சளி பிடிக்கும்.

தனுஷ்கோடி அண்ணன் ஊருக்கு வந்த மறுநாளே, நீங்கள் வேனுக்காகக் கொடுத்துவிட்ட ஹெட்டர் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். விமான நிலையத்தில் இது என்ன ஆயுதமா என்று கேட்டு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்களாம். மனுஷன் பாவம், நன்றாகத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற பழைய வார்ப்பிரும்புக் குழாய் விரிசல் விட்டு, வேனுக்குள் புகை வருகிறது, பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இருமுகிறார்கள் என்று சித்திரையில் எழுதியிருந்தேன். உங்கள் தம்பி காலண்டர் அட்டையில் வரைந்து அனுப்பிய அளவை வைத்து, அங்கே ஒர்க் ஷாப் வேலை முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து நீங்களே இதைச் செய்தீர்கள் என்று தனுஷ்கோடி அண்ணன் சொன்னார். பாண்டிச்செல்வி நாலு குழாயிலும் ஒவ்வொன்றாகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா உள்ள மிட்டாய் ஒண்ணும் வைக்கலையே" என்றாள்.

சாத்தூர் மெக்கானிக் பெத்தணன் பொருத்திக் கொடுத்தார். ஒட்டின இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏலே, இம்புட்டு கைவேலை தெரிஞ்ச மனுசன் நம்ம ஊர்ல இல்லாமப் போயிட்டாரே" என்று உங்கள் தம்பியிடம் சொன்னாராம். இப்போது வேனுக்குள் பொட்டுப் புகை கிடையாது. இருபது பேரை ஏற்றிக்கொண்டும் வண்டி சும்மா இழுக்கிறது. உங்கள் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற கம்பெனி வேன்களை முந்தாவிட்டால் அவனுக்குக் காலைச் சாப்பாடு செரிப்பதில்லை. நீங்கள் இரண்டு வார்த்தை கண்டித்து எழுதுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

ஒரே ஒரு கஷ்டம், சூடு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கிற பெட்டி மேல்தான் நான் எப்போதும் உட்காருகிறேன். வேன்காரர் வீட்டுப் பெண் நல்ல சீட்டில் உட்கார்ந்தால் மற்றவர்கள் வாய் சும்மா இருக்குமா? முன்பெல்லாம் ஒரு சாக்கு மடித்துப் போட்டால் போதும். இப்போது மூன்று போட்டும் உட்கார முடியவில்லை. காலடியில் வைத்த தூக்குவாளியில் தயிர்ச்சோறு கம்பெனி போய்ச் சேருவதற்குள் புளித்துவிடுகிறது. போன வாரம் ஹாரன் வயர் உருகி ஒட்டிக்கொண்டு, சிவகாசி ரோடு முழுக்க அலறிக்கொண்டே போனோம். மந்திரி வருகிறார் என்று ஒருவர் சைக்கிளை ஓரங்கட்டி நின்றார். பழைய வார்ப்பு தடி, சூட்டைத் தனக்குள் வைத்துக்கொண்டது. இந்தக் குழாய் மெல்லிசு, வாங்கின சூட்டை அப்படியே வெளியே விடுகிறது என்று பெத்தணன் சொல்கிறார்.

காலையில் போகும்போது அது வெறும் சூடுதான். சாயங்காலம் திரும்பும்போதுதான் எனக்குப் பயம். கை கால் கழுவித்தான் ஏறுகிறோம். ஆனாலும் சேலை மடிப்பிலும் தலைமுடியிலும் வெடிமருந்துப் பொடி கொஞ்சம் கூடவே வரத்தான் செய்கிறது. முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரை அசையாமல் உட்கார்ந்து வருகிறேன். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

குழாயைக் கழற்றிப் போடுகிறோம் என்று எழுதவில்லை. நீங்கள் செய்தது. சூட்டை அடக்க ஒரு வழி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாரிசெல்வி


மேட்டமலை
22.8.2004

அன்புள்ள மச்சானுக்கு,

மாரிசெல்வி எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டைப் பிரித்துவிட்டார்கள். பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக, நான் பாத்திரம் சரியாகத் தேய்ப்பதில்லை என்று கண்டுபிடித்தார்.

நீங்கள் அனுப்பிய கண்ணாடி நார் நாடாவும் படமும் கிடைத்தன. படத்தில் இருந்தபடியே எல்லாம் செய்தார்கள். நாடாவைத் தண்ணீரில் நனைத்து, நாலு குழாயிலும் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினார்கள். குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே, இரண்டு பக்கமும் காற்று போகும்படி இடைவெளி விட்டு ஒரு தகடு வைத்தார்கள். வயர்களையும் டீசல் டியூபையும் எதிர்ப்பக்கமாக மாற்றினார்கள். முதல் சூட்டில் நாடா புகையும், ஆள் ஏற்றாமல் நாலைந்து நடை நன்றாக ஓட்டிப் புகையை விட்ட பிறகுதான் லோடு ஏற்ற வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். நான் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். உங்கள் தம்பி வண்டியை வாசலில் நிறுத்தியபடியே கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டான். புகை வரவில்லை. "அண்ணன் சும்மா பயங்காட்டுது மதினி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே ஆள் ஏற்றிவிட்டான்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பட்டாசு லோடு லாரி. வேகமாக வந்து நின்ற வண்டி, காற்று இல்லை, சூடெல்லாம் ஒரே இடத்தில் தங்கிவிட்டது. பெட்டி இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வேறு ஊராக இருந்தால் என்ன புகை என்று நாலு பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள். இங்கே யார் பார்ப்பார்கள்? ஒரு சத்தம் இல்லை, ஒரு அலறல் இல்லை. கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் குதித்து அத்தனை பேரும் வேலிக்கருவை முள்காட்டுக்குள் ஓடினார்கள். எங்களைப் பார்த்து லாரி டிரைவர் ஓடினார். அவரைப் பார்த்துப் பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஓடினார்கள். கேட்கீப்பர் மட்டும் ரயிலுக்காகப் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுவது போல நின்றார். ரயில் போனது, கேட் திறந்தது, வண்டியை எடுக்க ஒருவரும் இல்லை.

நானும் ஓடினேன் மச்சான். இது உங்கள் கையால் செய்தது, இதில் தப்பு இருக்காது என்ற நினைப்பெல்லாம் எனக்கு அப்போது வரவே இல்லை. பாண்டிச்செல்வி முகம் மட்டும்தான் கண் முன்னால் வந்தது. முள் கிழித்தது கூட வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உள்ளதை எழுதிவிட்டேன்.

நல்ல வேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. வள்ளித்தாய் அக்காவை மட்டும் வெகுநேரம் காணோம். முன்பு ஒரு வெடி விபத்தில் முதுகு வெந்து பிழைத்தவர். அவரைத் தேடிப் போய்ப் பார்த்தால், காட்டைத் தாண்டி ஒரு கிணற்று மேட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி அவர் காலில் விழுந்துவிட்டான். இப்போது வேன் ஓட்டும்போது அவன் யாரையும் முந்துவதில்லை.

அந்த வாரம் முழுவதும் பெத்தணனும் உங்கள் தம்பியும் வெறும் வண்டியை விருதுநகருக்கும் சாத்தூருக்குமாக ஓட்டினார்கள். புகை நின்றுவிட்டது. பெட்டி மேல் நான் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நீங்கள் எழுதினது எல்லாம் சரி. ஆனால் பெண்கள் ஏறமாட்டேன் என்றுவிட்டார்கள். நான் தினமும் அந்தப் பெட்டி மேல்தானே உட்காருகிறேன், பிறகு உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அதற்கு வள்ளித்தாய் அக்கா, "நீ அவுக பொண்டாட்டி, நீ உக்காரத்தான் செய்வ. கம்பெனியில புது வெடி போட்டுப் பாக்கும்போது யாரு பத்த வைக்கா? மருந்து கலந்தவரு தானே? அது மாதிரி இதைச் செஞ்சவுக வந்து இதும் மேல உக்காரட்டும். நாங்க மறுபேச்சு இல்லாம ஏறுறோம்" என்று சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? நானே ஓடினவள்தானே.

அதனால் பழைய வார்ப்பையே ஒட்டவைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறோம். சீசன் நேரம், வேன் நிற்க முடியாது. புகை பழையபடி வருகிறது. மற்றவர்கள் ஜன்னலைத் திறந்துகொள்கிறார்கள். பெட்டிப் பக்கம் இருப்பதால் எனக்கு மட்டும் இருமல் கொஞ்சம் கூடுதல். மருந்து சாப்பிடுகிறேன், அத்தை சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறார், கவலைப்பட வேண்டாம். தீபாவளி வரைக்கும்தான் இந்த ஒட்டு தாங்கும் என்று பெத்தணன் சொல்கிறார். உங்கள் குழாயை நாடாவோடு சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதினீர்கள், ரேடியோ வந்தது. அதற்கு முந்தின பொங்கலுக்குப் போர்வை வந்தது. நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போதும் நான் கேட்கவில்லை, வேன் பெண்கள் கேட்கிறார்கள். தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறக்கிற அன்றைக்கு, நம் வீட்டு வாசலிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஒரே ஒரு நடை, அந்தப் பெட்டி மேல் நீங்கள் உட்கார்ந்து வர வேண்டும். நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். வழி முழுக்க உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

இருக்கன்குடி மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மாரிசெல்வி